கோழிக்கொண்டைச் சிவப்பும் உறைந்த இரத்தச் சிவப்பும்: சீன மருத்துவம் முதுமையைப் பார்க்கும் விதம்

சீன மருத்துவத்தின் மூலநூலாகக் கொள்ளப்படும் 'ஹுவாங்தி நெய்ஜிங்' ஒரு புலம்பலோடு தொடங்குகிறது. மஞ்சள் பேரரசர் ஹுவாங்தி தம் மருத்துவ ஆசான் ச்சிபோவிடம் கேட்கிறார்: அந்தக் காலத்து மனிதர்கள் நூறு வயதிலும் தளராமல் நடமாடினார்களாமே, இப்போது ஐம்பதிலேயே தள்ளாடுகிறார்களே, காலம் கெட்டுவிட்டதா, மனிதர்கள் கெட்டுவிட்டார்களா? ச்சிபோ காலத்தைக் குறை சொல்லவில்லை. முன்னோர் அளவோடு உண்டார்கள், நேரத்தோடு உறங்கி எழுந்தார்கள், உடலை வீணாக அலுக்கவிடவில்லை. இப்போதைய ஆட்கள் மதுவைத் தண்ணீராகக் குடிக்கிறார்கள், போதையோடு படுக்கையறைக்குள் போகிறார்கள், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்வதில்லை, பிறகு ஐம்பதில் தளராமல் என்ன செய்வார்கள் என்கிறார்.

ஹுவாங்தி புராண அரசர். நூலோ பல கைகள் பட்டது, ஏறத்தாழ கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. 'சூவென்', 'லிங்ஷூ' என இரண்டு பாகங்கள், பாகத்துக்கு 81 அத்தியாயங்கள். "அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி வருமா" என்ற பேச்சு அப்போதே இருந்திருக்கிறது என்பதில் நமக்கெல்லாம் ஓர் ஆறுதல் உண்டு. ஆனாலும் நோய்ப் பட்டியலோடோ மருந்துப் பட்டியலோடோ தொடங்காமல், மனிதன் ஏன் முதிர்கிறான் என்ற கேள்வியோடு ஒரு மருத்துவ நூல் தொடங்குவது சாதாரண விஷயம் அல்ல. அடுத்த ஈராயிரம் ஆண்டுகளில் சீன வைத்தியர்கள் இந்தக் கேள்விக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணால் பார்த்து எழுதியவற்றில் பல இன்றும் நிற்கின்றன. காரணம் என்று சொன்னவற்றில் பல நிற்கவில்லை. இளமை தரும் என்று விற்கப்பட்டவற்றில் சில ஆளையே சாய்த்திருக்கின்றன. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் புகழ்வதும், ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிவதும்தான் இந்த விஷயத்தில் வழக்கமாக நடக்கிறது.

ஏழும் எட்டும்

'சூவென்' முதல் அத்தியாயத்திலேயே ச்சிபோ ஒரு வயதுக் கணக்கைச் சொல்கிறார். பெண்ணின் உடல் ஏழேழு ஆண்டுகளாகவும் ஆணின் உடல் எட்டெட்டு ஆண்டுகளாகவும் மாறுகிறதாம். பெண்ணுக்கு ஏழில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், முடி நீளும். 14இல் மாதவிடாய் தொடங்கும், கருத்தரிக்க முடியும். 21இல் கடைவாய்ப் பல் வந்து வளர்ச்சி முடியும். 28இல் எலும்பும் தசைநாரும் உறுதிப்பட்டு, முடி மிக நீண்டு, உடல் உச்சத்தில் இருக்கும். 35இல் முகம் வாடத் தொடங்கும், முடி உதிரும். 42இல் நரை. 49இல் மாதவிடாய் நிற்கும். ஆணுக்கு எட்டில் பல் மாறும், 16இல் விந்து உண்டாகும், 32இல் உச்சம். 40இல் முடி உதிர்ந்து பல் கெடத் தொடங்கும், 48இல் முகம் வாடிக் கன்னப்பொறியில் நரை, 56இல் தசைநார் சொன்னபடி கேட்காது, 64இல் பல்லும் முடியும் போய்விடும்.

பால்பல் விழும் வயதும், மாதவிடாய் வரும் வயதும், நிற்கும் வயதும் ஏறக்குறைய சரியாகவே இருக்கின்றன. இயற்கையான மாதவிடாய் நிறுத்தம் பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 49 அதற்கு நடுவில் விழுகிறது. ஆனால் ஏழும் எட்டும் உடலிலிருந்து வந்த எண்கள் அல்ல. அவை யின்-யாங் (குளிர்ச்சி, ஈரம், பெண்மை யின்; வெப்பம், அசைவு, ஆண்மை யாங்) எண் கணிதத்திலிருந்து வந்தவை. கி.பி. 762இல் இந்த நூலைச் செப்பம் செய்து உரை எழுதிய வாங் பிங், பெண் யின் என்பதால் அவளுக்கு யாங் எண்ணான ஏழு இணையாகிறது என்று விளக்குகிறார். அதாவது, பார்த்த உண்மைகளை முன்பே தயாராக இருந்த கட்டங்களுக்குள் அடுக்கியிருக்கிறார்கள். சில பொருந்தின, சில திணிக்கப்பட்டன.

2024இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 25 முதல் 75 வயது வரையிலான 108 பேரின் இரத்தம் முதலானவற்றில் உள்ள மூலக்கூறுகளைத் தொடர்ந்து அளந்து, உடலின் மாற்றம் ஒரே சீராக நடக்காமல் 44, 60 வயதுகளை ஒட்டி வேகமெடுக்கிறது என்று கண்டார்கள். செய்தி வந்ததும் இதைச் சீனக் கணக்கோடு முடிச்சுப்போட ஆசை எழுவது இயல்பு. 44ஐ ஏழாலும் வகுக்க முடியாது, எட்டாலும் முடியாது; 60ம் அப்படித்தான். முதுமை ஒரே சீராகச் சரியாமல் படிக்கட்டுபோல் விட்டுவிட்டு இறங்குகிறது என்ற பொதுக் கருத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

என்னைக் கேட்டால், இந்த ஏழு-எட்டுக் கணக்கைவிட 'லிங்ஷூ' 54ஆம் அத்தியாயத்தில் வரும் பத்துப் பத்தாண்டுக் கணக்குதான் நுட்பமானது. அது பல்லையும் முடியையும் விட்டுவிட்டு, ஆள் எப்படி நடக்க விரும்புகிறான் என்று பார்க்கிறது. பத்தில் ஓடப் பிடிக்கும். இருபதில் விரைந்து நடக்கப் பிடிக்கும். முப்பதில் நிதானமாக நடக்கப் பிடிக்கும். நாற்பதில் உட்காரப் பிடிக்கும். ஐம்பதில் கல்லீரலின் ஆற்றல் குறைந்து கண் மங்கும். அறுபதில் இதயத்தின் ஆற்றல் குறைந்து காரணமில்லாத வருத்தம் வரும், படுத்துக்கொள்ளப் பிடிக்கும். எழுபதில் தோல் வறளும், எண்பதில் பேச்சு தடுமாறும், தொண்ணூறில் சிறுநீரகத்தின் ஆற்றல் வற்றும், நூறில் ஐந்து உள்ளுறுப்புகளும் வெறுமையாகி உடல் மட்டும் மிஞ்சும். கண்ணுக்கும் கல்லீரலுக்கும் போட்ட முடிச்சை விட்டுவிடலாம். வயதைக் காட்டுவது வலிமை மட்டும் அல்ல, அசையவேண்டும் என்ற விருப்பமும்தான் என்பதை எழுதியவர் கவனித்திருக்கிறார். இன்று முதியோர் மருத்துவர்கள் நோயாளியை நாற்காலியிலிருந்து எழுந்து சில அடி நடந்து திரும்பச் சொல்லி நேரம் பார்க்கிறார்கள். நடைவேகத்தை வைத்து உடல்நிலையைக் கணிக்கிறார்கள்.

முதலும் வருமானமும்

இந்தக் கணக்குகளுக்கு அடியில் இருக்கும் கருத்து 'ஜிங்'. ஒருவர் பிறக்கும்போது தாய் தந்தையிடமிருந்து பெற்றுவரும் உயிர்ச்சாரம் அது. குடும்பச் சொத்தைப் போல, வாங்கிவந்த முதல் இவ்வளவுதான். அன்றாடம் உண்பதிலிருந்தும் சுவாசிப்பதிலிருந்தும் கிடைப்பது வருமானம். வருமானத்துக்குள் வாழ்பவரின் முதல் மெல்லக் கரையும். அகலக்கால் வைப்பவரின் முதல் சீக்கிரம் கரையும். முதல் கரைவதுதான் முதுமை. செரிமானம் நன்றாக இருந்தால் வருமானம் நன்றாக இருக்கும் என்பதால், வயிறும் மண்ணீரலும் சீன முதியோர் மருத்துவத்தில் தனி மரியாதை பெறுகின்றன. லி தோங்யுவான் 1249இல் மண்ணீரலையும் வயிற்றையும் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார்.

இந்தச் சாரம் சேமிக்கப்படும் இடம் சிறுநீரகம் என்பது அவர்கள் கருத்து. இங்கேதான் நோயாளிகள் பதறிப்போகிறார்கள். சீன வைத்தியர் "உங்களுக்குச் சிறுநீரகம் பலவீனம்" என்று சொன்னால், அது கிரியேட்டினின் பரிசோதனையில் தெரியும் சிறுநீரக நோயைப் பற்றிய பேச்சு அல்ல. அவர் சொல்லும் சிறுநீரகம் ஓர் உறுப்பு என்பதைவிட ஒரு துறை: வளர்ச்சி, இனப்பெருக்கம், எலும்பு, மஜ்ஜை, மூளை, காது எல்லாம் அதன் பொறுப்பு. பல் எலும்பின் உபரி, தலைமுடி இரத்தத்தின் உபரி. கல்விக்கும் கால்நடைக்கும் ஒரே அமைச்சர் பொறுப்பாக இருப்பதைப்போல் தோன்றினாலும், இடுப்புவலி, காது மந்தம், மறதி, நரை, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது என முதுமையில் சேர்ந்தே வரும் தொல்லைகளை ஒரு குடைக்குள் கொண்டுவர இந்த ஏற்பாடு அவர்களுக்கு உதவியது. சேர்ந்து வருகின்றன என்று கண்டது சரி. ஒரே உறுப்பிலிருந்து வருகின்றன என்றதுதான் சிக்கல்.

ஷாங்காயில் ஷென் ஸியின் என்ற மருத்துவர் 1950களின் இறுதியில் இந்தச் சிக்கலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். வெவ்வேறு நோய் உள்ளவர்களாக இருந்தாலும், 'சிறுநீரக யாங் குறைவு' என்று சீன முறைப்படி கணிக்கப்பட்டவர்களின் சிறுநீரில் ஒருவகை ஸ்டீராய்டு ஹார்மோன் கழிவு குறைவாக இருப்பதைக் கண்டார். மூளையின் அடிப்பகுதியையும் அட்ரீனல் சுரப்பியையும் இணைக்கும் ஹார்மோன் சங்கிலியை நோக்கி அவர் ஆய்வு போயிற்று. பழைய சொல்லுக்கு நேராக ஒரு புதிய சுரப்பியைக் கைகாட்டிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. அவ்வளவு நேரான பொருத்தம் அமையவில்லை.

நிறமும் மினுமினுப்பும்

சீன வைத்தியர் நோயாளியை நான்கு வழிகளில் ஆராய்கிறார்: பார்ப்பது, குரலையும் மணத்தையும் அறிவது, கேள்வி கேட்பது, தொட்டுப் பார்ப்பது. நாடி, நா, நிறம், மொழி, விழி என்று எண்ணிப்போகும் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. நான்கில் முதலிடம் பார்வைக்கு. அதைப்பற்றி 'சூவென்' பத்தாம் அத்தியாயம் சொல்வது எனக்கு அந்த நூலிலேயே மிகப் பிடித்த பகுதி.

முகத்தில் தெரியும் ஐந்து நிறங்களுக்கும் இரண்டிரண்டு சாயல்களை அது சொல்கிறது. சிவப்பு கோழிக்கொண்டையைப்போல் இருந்தால் பிழைப்பார், உறைந்த இரத்தத்தைப்போல் இருந்தால் இறப்பார். வெள்ளை பன்றிக்கொழுப்பைப்போல் இருந்தால் பிழைப்பார், உலர்ந்த எலும்பைப்போல் இருந்தால் இறப்பார். கறுப்பு காக்கைச் சிறகைப்போல் இருந்தால் உயிர், அடுப்புக்கரியைப்போல் இருந்தால் சாவு. மஞ்சளுக்கு நண்டின் வயிறு நல்லது, காய்ந்த நாரத்தைப் பிஞ்சு கெட்டது. பச்சைக்கு மீன்கொத்தியின் இறகு நல்லது, வாடிய புல் கெட்டது. பதினேழாம் அத்தியாயம் இதையே இன்னொரு விதமாகச் சொல்கிறது: நல்ல சிவப்பு, வெள்ளைப் பட்டுக்குள் பொதிந்த குங்குமக் கல்லைப்போல் உள்ளிருந்து தெரியவேண்டும்; காவிமண்ணைப் பூசியதுபோல் மேலே நிற்கக் கூடாது.

எல்லா நல்ல உதாரணங்களிலும் ஈரமும் மினுமினுப்பும் இருக்கின்றன. எல்லாக் கெட்ட உதாரணங்களும் வறண்டவை, மங்கியவை. எந்த நிறம் என்பது இரண்டாம் பட்சம். கறுத்த முகம் காக்கைச் சிறகாக மின்னினால் அது ஆரோக்கியம். வெளுத்த முகம் எலும்பாக வறண்டால் அது நோய். சருமத்தை வெளுக்கவைக்கும் கிரீம் விற்பனையில் சீனா, இந்தியா இரண்டுமே சளைத்தவை அல்ல என்பதை நினைத்தால், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த வைத்தியரின் கண்ணுக்கு மரியாதை கூடுகிறது.

மினுமினுப்புக்கு அடுத்தது 'ஷென்'. பார்வையில் இருக்கும் உயிர்ப்பு, கேள்விக்கு வரும் பதிலின் தெளிவு, அசைவின் இயல்பு எல்லாம் சேர்ந்தது அது. ஷென் இருப்பவர் தேறுவார், இழந்தவர் பிழைக்கமாட்டார் என்கிறது நூல். கூடவே ஓர் எச்சரிக்கையும் சீன வைத்தியத்தில் உண்டு. நெடுநாள் படுத்துக்கிடந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, கன்னம் சிவந்து, வராத பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கஞ்சி கேட்டால் மகிழ்ந்துவிடாதே, அது பொய் ஷென் என்பார்கள். அணையப்போகும் விளக்கு பிரகாசமாக எரியும் என்று தமிழில் சொல்வதையே சீனரும் சொல்கிறார்கள். சாவுக்குச் சற்று முன் வரும் இந்தத் தெளிவைப் பற்றி இப்போது மருத்துவ இதழ்களிலும் எழுதுகிறார்கள். ஏன் வருகிறது என்பதற்குத்தான் உறுதியான விடை இல்லை.

நாக்கு இளஞ்சிவப்பாக, மெல்லிய வெண்படிவத்தோடு, வறட்சியும் வழவழப்பும் இல்லாமல் இருந்தால் நலம். படிவம் உரிந்து, நாக்கில் வெடிப்புகள் ஓடினால் யின் குறைந்துவிட்டது என்பார்கள். முதியவர்களிடம் இது அடிக்கடி காணப்படும். பரிசோதனைக்குப் போகும் நாளில் நாக்கை வழிக்காதே, காபி குடித்துவிட்டு வராதே என்று சொல்லி அனுப்புவார்கள். வைத்தியர் பார்க்கவேண்டியதை நோயாளி சுரண்டி எறிந்துவிட்டு வந்தால் அவர் எதைப் பார்ப்பார்?

நாடி பார்ப்பதைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். மேசைமேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிறு தலையணை இருக்கும். அதன்மேல் நோயாளியின் மணிக்கட்டை மல்லாத்தி வைப்பார்கள். வைத்தியர் முதலில் நடுவிரலைக் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மேட்டுக்கு நேராக வைக்கிறார். பிறகு ஆட்காட்டி விரல் முன்னால், மோதிர விரல் பின்னால். மேலோட்டமாகத் தொட்டு, நடுத்தரமாக அழுத்தி, எலும்புவரை அழுத்தி என ஒவ்வோர் இடத்திலும் மூன்று ஆழங்களில் பார்க்கிறார். சித்த மருத்துவர் மூன்று விரலடியில் வாதம், பித்தம், கபம் தேடுகிறார்; சீன வைத்தியர் இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்றும் வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம் என்றும் தேடுகிறார். கடிகாரம் இல்லாத காலத்தில் வைத்தியரின் மூச்சே கடிகாரம். தன் மூச்சைச் சீராக்கிக்கொண்டு, ஒரு மூச்சுக்கு நோயாளியின் நாடி எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணினார்கள். நான்கு, இடையில் சிலசமயம் ஐந்து என்றால் நலம். நிமிடத்துக்கு 16 முதல் 18 மூச்சு என்று வைத்தால் நான்கு துடிப்பு என்பது 64 முதல் 72. இன்றைய மருத்துவர் இயல்பு என்று சொல்லும் கணக்குக்குள் அது அடங்கிவிடுகிறது.

முதியவருக்கு எந்த விரலடியில் என்ன தெரிகிறது என்பதுதான் முக்கியம். மோதிர விரலை ஆழ அழுத்தியும் துடிப்பு கிடைத்தால் நாடிக்கு 'வேர்' இருக்கிறது, ஆள் நோய்ப்பட்டாலும் மீளுவார் என்பார்கள். மாறாக, வில்லின் நாணைத் தொட்டதுபோல் விறைத்த நாடி அடித்துக்கொண்டிருந்தால் அதைப் பலம் என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வயதாக ஆகத் தமனிகள் விறைத்துப்போகின்றன என்பதை அறிந்த நமக்கு அந்த எச்சரிக்கை புரிகிறது. ஆனால் இருபத்து நான்கு, இருபத்தேழு என்று வகைபிரித்த நாடிகளை இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே பார்த்தால் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று சோதித்த ஆய்வுகளில், அவர்கள் பல நேரம் ஒத்துப்போகவில்லை. வேகமும் ஒழுங்கும் போன்ற எளிய அடையாளங்களில் ஒத்துப்போவது எளிது. விரலடியில் இன்ன உறுப்பு என்ற இடத்துக்கு வரும்போது கலைந்துவிடுகிறது.

பெரியவர்களின் கோபம்

தாங் அரச வம்சத்துக் காலத்து வைத்தியர் சுன் ஸிமியாவ் 682இல் இறந்தார். பின்னாளில் 'மருந்துகளின் அரசர்' என்று கோயில்களில் வைத்து வணங்கப்பட்டவர். அவர் முதியோர் பராமரிப்பைப் பற்றி எழுதிய பகுதி நோயைவிட மனத்தைத்தான் அதிகம் பேசுகிறது. ஐம்பதைத் தாண்டியவருக்கு யாங் ஆற்றல் நாளுக்கு நாள் தேய்கிறது, முன்னது மறந்து பின்னது தவறுகிறது, எதிலும் நாட்டமில்லை, உணவு ருசிக்கவில்லை, படுத்தால் நிம்மதியில்லை, சட்டென்று கோபம் வருகிறது, குணமே மாறிவிடுகிறது என்று எழுதிவிட்டு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதைப் புரிந்துகொள்ளாமல் "பெரியவருக்கு வயதான பிறகு குணம் கெட்டுவிட்டது, எதுவும் சொல்ல முடியவில்லை" என்று மட்டும் சொல்கிறார்கள் என்று குறைப்படுகிறார். கோபத்தையும் நரையைப்போல் ஓர் அடையாளமாகப் பார்த்திருக்கிறார். நம் வீடுகளில் இந்தப் பார்வை இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்வேன்.

அவருக்குப் பிறகு சென் ஜி என்ற மாவட்ட அதிகாரி, சோங் வம்சத்துக் காலத்தில் 1078-1085 ஆண்டுகளை ஒட்டி, பெற்றோரைப் பேணுவது பற்றித் தனி நூல் எழுதினார். முதியோர் மருத்துவத்துக்கென்றே எழுதப்பட்டு இன்று கிடைக்கும் சீன நூல்களில் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. முதலில் உணவால் சரிசெய்யப் பார், முடியாவிட்டால் மட்டும் மருந்து என்பது அதன் நெறி. சுன் ஸிமியாவும் இதையே சொன்னவர்.

'சீன மருத்துவம் சொல்கிறது' என்று ஒற்றைக் குரலில் பேசுவோர் அடுத்த சண்டையைக் கவனிப்பதில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஜூ தான்ஷி, மனித உடலில் யாங் எப்போதும் மிகுதி, யின் எப்போதும் குறைவு என்று வாதிட்டார். முதியவர்களைப் பற்றி அவர் போட்ட பட்டியல் வெட்டவெளிச்சமானது: தலைசுற்றல், கண்பீளை, தோல் அரிப்பு, அடிக்கடி சிறுநீர், ஒழுகும் மூக்கு, உதிரும் பல், குறைந்த தூக்கம், உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவது, காற்று வீசுமுன்பே குளிர்வது, சிரித்தால் கண்ணீர் வருவது. இதெல்லாம் வறட்சி, இவர்களுக்குச் சூடான மருந்து கொடுத்தால் எரிந்துபோவார்கள் என்றார். 16, 17ஆம் நூற்றாண்டில் ஜாங் ஜியெபின் நேர் எதிராகத் திரும்பினார்: யாங் மிகுதியா? அதுதான் வாழ்க்கையின் வெப்பம், அதைக் காப்பாற்று, உடலைக் குளிரவைத்துக் கெடுக்காதே. இருவரும் ஒரே மூலநூலைத்தான் மேற்கோள் காட்டினார்கள். ஜாங் சொன்ன இன்னொன்று இன்றைக்கும் பொருந்தும். நடுவயதை ஒட்டி உடலை ஒருமுறை பெரிய அளவில் பழுதுபார்த்துக்கொண்டால், அடித்தளம் மீண்டும் வலுப்பட்டு நெடுந்தூரம் போகலாம் என்றார் அவர். எழுபதில் வைத்தியரிடம் ஓடுவது காலம் கடந்த வேலை என்பது அவர் எண்ணம்.

மாத்திரையும் அசைவும்

இந்த நிதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பைத்தியக்காரத்தனமும் நடந்துகொண்டிருந்தது. பாதரசம், ஈயம், ஆர்சனிக் கலந்த சாகாமருந்துகள் அரண்மனைகளில் காய்ச்சப்பட்டன. 648இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஒருவர் தமக்கு 200 வயது என்றும் நீண்ட ஆயுளின் ரகசியம் தெரியும் என்றும் சொல்ல, தாங் பேரரசர் தைசோங் அவரைத் தங்கவைத்து மருந்து செய்யச் சொன்னார். சீனப் பதிவில் உள்ள பெயர் நாராயணஸ்வாமி என்பதன் ஒலிபெயர்ப்பாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மருந்து பலிக்கவில்லை, அடுத்த ஆண்டே பேரரசர் இறந்துபோனார். போலி வைத்திய ஏற்றுமதியில் நமக்கும் ஒரு வரலாற்றுப் பங்கு இருக்கிறது. தைசோங் காலத்தில் வாழ்ந்த சுன் ஸிமியாவ், கனிமப் பொடிகளை உண்பதைவிட விஷக்கொடியை உண்பதே மேல் என்று எழுதிவைத்தார்.

உண்மையில் தாக்குப்பிடித்தது அசைவுதான். சாங்ஷா நகரத்து மாவாங்துயியில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் திறந்தபோது, பட்டுத்துணியில் வரைந்த 44 உருவங்கள் கிடைத்தன. ஆண்களும் பெண்களும் குனிகிறார்கள், கை நீட்டுகிறார்கள், பறவையைப்போல் நிற்கிறார்கள். கி.பி. 208இல் இறந்த ஹுவா துவோ என்ற வைத்தியர் புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைப் பயிற்சியாக்கினார். சுழன்றுகொண்டே இருக்கும் கதவுக் குடுமி உளுத்துப்போவதில்லை என்று தம் மாணவர் வூ பூவிடம் சொன்னாராம். வூ பூ தொண்ணூறு கடந்தும் காதும் கண்ணும் கூர்மையாக, பல் உறுதியாக இருந்தார் என்று வரலாற்று நூல் பதிவுசெய்திருக்கிறது. நீண்ட ஆயுளை நிரூபிக்க அந்த வரலாற்றாசிரியர் தேர்ந்தெடுத்த சாட்சிகள் காதும் கண்ணும் பல்லும் என்பதைப் பாருங்கள். அந்த அசைவு மரபில் பிற்காலத்தில் வந்த தாய்ச்சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சி, முதியோர் கீழே விழுவதை 19 சதவீத அளவுக்குக் குறைக்கக்கூடும் என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டு 2019இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு கண்டது. சான்றின் உறுதி குறைவு என்று அதுவே சொல்கிறது. ஆனாலும் செலவில்லாத ஒரு விஷயத்துக்கு இது நல்ல மதிப்பெண்.

இன்றைய சீனாவில்

2013 முதல் சீன அரசின் அடிப்படைப் பொதுச் சுகாதாரச் சேவையில், 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சீன மருத்துவ முறைப்படி உடல்வாகு கணிப்பதும் சேர்ந்திருக்கிறது. பெய்ஜிங் பேராசிரியர் வாங் ச்சி வகுத்து 2009இல் தர அளவுகோலாக வெளிவந்த ஒன்பது உடல்வாகுகள் அதற்கு அடிப்படை. சமநிலை உடல்வாகு ஒன்று. மற்ற எட்டும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவை. கேள்வித்தாளில் 33 கேள்விகள். சுறுசுறுப்பாக இருக்கிறீர்களா, சீக்கிரம் களைக்கிறீர்களா, மூச்சு வாங்குகிறதா, குரல் தளர்ந்திருக்கிறதா, கை கால் சில்லிடுகிறதா, கண் வறள்கிறதா, தனிமையாக உணர்கிறீர்களா? கடைசிக் கேள்வி சுன் ஸிமியாவின் பக்கங்களிலிருந்து எழுந்து வந்ததுபோல் இருக்கிறது. கேள்வித்தாள் என்பதால், நாடியைப்போல் ஆளுக்கு ஆள் மாறாமல் எண்ணாகப் பதிவாகிறது. உன்னுடையது இன்ன உடல்வாகு, ஆகவே இன்ன உணவு என்று அடுத்து வரும் அறிவுரைக்குத்தான் சான்று மெலிந்திருக்கிறது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்று 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டில், கிழக்காசிய மரபு மருத்துவத்துக்கு 26ஆம் அத்தியாயம் ஒதுக்கப்பட்டபோது பெரிய சர்ச்சை எழுந்தது. சிறுநீரக யாங் குறைவுக்கும் இப்போது ஒரு குறியீட்டு எண் உண்டு. எத்தனை பேருக்கு இப்படிக் கணிக்கப்பட்டது என்று எண்ணுவதற்கான வசதி அது, சிகிச்சை பலிக்கும் என்ற சான்றிதழ் அல்ல என்று நிறுவனம் விளக்கியது. விற்பவர்கள் விளக்கத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இளமை தரும் என்று விற்கப்படுபவற்றில் ஒன்று ஹெ ஷோ வூ என்ற கிழங்கு. பிள்ளைப்பேறு இல்லாத கிழவர் ஒருவர் அதைத் தின்று பிள்ளைகள் பெற்றார், அவர் பேரனுக்கு முதிர்ந்த வயதிலும் முடி கறுப்பாகவே இருந்தது என்று தாங் காலத்திலேயே கதை கிளம்பிவிட்டது. நரை மாற்றும் என்று சொல்லி இன்றும் ஷாம்புவாகவும் மாத்திரையாகவும் விற்கிறார்கள். அதை வாய்வழி உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவுகள் குவிந்தபின், 2014இல் சீனாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை வெளியிட்டது. பச்சைக் கிழங்கானாலும் பதப்படுத்தியதானாலும், அளவு மீறினாலும் நீண்ட நாள் எடுத்தாலும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அதனால் கல்லீரல் கெட்டிருந்தால் தொடவே கூடாது. கண் வெள்ளையில் மஞ்சள் ஏறினால், சிறுநீர் அடர்ந்து போனால், பசி அற்றுப்போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்க் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். எந்தப் புட்டியிலிருந்து எவ்வளவு நாள் சாப்பிட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மூலிகைதானே என்று நினைத்து நோயாளிகள் சொல்லாமல் விடுவதால், காரணம் தெரியாமலே சிகிச்சை நடக்கிறது.